ஹைம் பொட்டோக் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டவரா?

அமெரிக்க எழுத்தாளர் ஹைம் பொட்டோக், ஓவியம் வரைந்ததற்காக ஹசிதிய (கடும் ஆசாரம் பேணும் பக்தி மரபு) யூதச் சமூகத்தால் விலக்கப்பட்டு ரபி (யூத மதகுரு) பட்டத்தை இழந்தவர் என்று பகிரப்பட்டுவரும் செய்தி தவறானது. 1972இல் வெளியான அவரது ‘மை நேம் இஸ் ஆஷர் லெவ்’ நாவலின் நாயகனுக்கு நேர்ந்ததை, அதுவும் கூட்டிக் குறைத்து, ஆசிரியரின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

1929இல் நியூயார்க்கின் பிராங்ஸில் ஆசாரமான குடும்பத்தில் பிறந்த பொட்டோக், 1954இல் ரபி பட்டம் பெற்றது மரபோடு நவீன ஆய்வுக்கும் இடம் தரும் கன்சர்வேட்டிவ் பிரிவின் கல்லூரியில்தான். பின்னர் கொரியாவில் ராணுவ மதகுருவாகவும், கலிபோர்னியாவில் யூத இளைஞர் முகாமின் இயக்குநராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், 1965இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் அமெரிக்க யூத வெளியீட்டுக் கழகத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். அக்கழகத்தின் வேதநூல் மொழிபெயர்ப்பிலும் அவர் பங்கேற்றார்; சமூகம் தள்ளிவைத்த ஒருவருக்கு அந்தப் பணியில் பங்கு தருவார்களா என்ன? கன்சர்வேட்டிவ் இயக்கம் 2001இல் வெளியிட்ட தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) உரைநூலில் நேர்ப்பொருள் விளக்கத்தைத் தொகுத்தவரும் அவரே.

சிறுவயதில் அவருடைய ஓவிய ஆர்வத்தைத் தந்தை விரும்பவில்லை என்பதும், நாவலில் நாயகன் வரையும் சிலுவை ஓவியத்தைப் பிற்காலத்தில் அவரே வரைந்தார் என்பதும் உண்மை. குழப்பம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். தூரிகையை எடுத்ததற்காக எவரும் அவருடைய பட்டத்தைப் பறிக்கவில்லை.