விலைவாசி பேசாத சமாதான மேடைகள்

போர்க்காலத்தில் "முதலில் வயிற்றுப்பாட்டைப் பார்ப்போம், சமாதானமெல்லாம் பிறகு" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வேலை போய், கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? என் கோபமெல்லாம், சமாதானக் கூட்டத்தில் மேடையேறி முக்கால் மணி நேரம் மனிதநேயம் பேசிவிட்டு, விலைவாசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இறங்குகிறவர்கள் மேல்தான். போர் வேறு, பொருளாதார நெருக்கடி வேறு என்று மக்களை நம்ப வைக்க அரசுகள் படாதபாடு படுகின்றன. நம் ஆட்கள் அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்து கொடுக்கிறார்கள்.

போருக்குப் பணம் திரட்டும் வழிகள் அதிகமில்லை. வரியை ஏற்றலாம், கடன் வாங்கலாம், நோட்டு அச்சடிக்கலாம். வரியை ஏற்றினால் கேள்வி எழும் என்பதால் அரசுகள் பெரும்பாலும் மற்ற இரண்டையும்தான் நாடுகின்றன. நோட்டு அச்சடித்தால் கூலியின் மதிப்பு தேய்கிறது. கடன் வாங்கினால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போகிறது. போர் நடக்கும் நாட்டின் எல்லையோடு இது நின்றுவிடுவதும் இல்லை. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. மார்ச் மாதத்திலேயே ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அந்தப் போரின் சத்தம்கூடக் காதில் விழாத குடும்பங்கள் அதற்குப் பணம் கட்டின.

2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆராய்ச்சி நிறுவனம். பனிப்போர் முடிந்த பிறகு ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் இருந்ததில்லை. தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கியும் பசித்தவர்களிடமிருந்து திருடியதற்குச் சமம் என்று 1953இல் பேசியவர் அமெரிக்க அதிபர் ஐசனோவர். அவர் ஆட்சியில்தான் அமெரிக்காவின் அணு ஆயுதக் கிடங்கு பல மடங்கு பெருகியது என்பது வேறு கதை. பேச்சை மட்டும் வைத்து ஆளை எடை போடக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

இதையெல்லாம் சாதாரண மக்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் புரியாமலா 1917 மார்ச் 8 அன்று ரஷ்யத் தலைநகராக இருந்த பெட்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள்? ரொட்டிக்காக உறைபனியில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று அலுத்தவர்கள் அவர்கள். எந்தப் பொருளாதார வகுப்புக்கும் போகாமலே, ரொட்டியையும் போரையும் ஒரே கோஷத்தில் சேர்த்தார்கள். ஒரு வாரத்தில் ரஷ்யப் பேரரசர் ஜார் முடி துறந்தார். அடுத்து வந்த தற்காலிக அரசு போரைத் தொடர்ந்தது. அந்த அரசு ஆண்டு முடிவதற்குள் கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பேரரசர்களைக் கவிழ்ப்பதெல்லாம் எப்போதாவது நடப்பது. எனக்கு அதைவிடச் சின்ன வேலைகளின் மேல்தான் ஈர்ப்பு. கென்யாவின் வடகிழக்கில் வஜிர் என்று ஒரு மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே கடும் வறட்சி. கால்நடைகள் செத்தன, தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் போட்டி முற்றியது, குலங்களுக்கு இடையே துப்பாக்கிச் சண்டை மூண்டது. சண்டை சந்தைக்குள்ளும் வந்தது. ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணுக்கு விற்க மாட்டாள், அவளிடம் வாங்கவும் மாட்டாள். தெகா இப்ராகிம் அப்தியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து தொடங்கிய இடம் அந்தச் சந்தைதான். எந்தக் குலத்தவரும் இங்கே அச்சமில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்பதை விதியாக்கினார்கள். அதை மீறுகிறவர்களைக் கவனிக்கப் பெண்களையே நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி விற்க மறுத்தாள், யாரோ ஒருத்தியை மற்றவர்கள் விரட்டினார்கள் என்று தகவல் வந்தால், உடனே போய் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

சந்தை அடங்கிய பிறகுதான் குலப் பெரியவர்களிடம் போனார்கள். அங்கேயும் ஒரு சாதுரியம்: யாருக்கும் அச்சுறுத்தலாகத் தோன்றாத மிகச் சிறிய குலத்துப் பெரியவர் ஒருவரை முன்னால் நிறுத்திப் பேசவைத்தார்கள். 1993 செப்டம்பரில் பெரியவர்கள் அல் ஃபத்தா பிரகடனம் என்ற சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் கென்யாவின் மற்ற மாவட்டங்களில் அமைதிக் குழுக்கள் உருவாக வஜிர் முன்மாதிரி ஆனது. அந்தப் பெண்கள் பெரியவர்களைக் கூட்டி நேராக சமாதான மாநாட்டிலேயே தொடங்கியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? சந்தை திறந்தால்தான் அன்றைய பிழைப்பு என்பது எல்லாக் குலத்துக்கும் பொது. அந்தப் பொதுவை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான சங்கடம் ஒன்று உண்டு. அதை நம் கூட்டங்கள் தொடுவதே இல்லை. நெருக்கடி காலத்தில் ஆள் எடுக்கும் இடங்கள் சுருங்கும்போது ராணுவமும் ஆயுதத் தொழிற்சாலையும் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கும். அங்கே வேலை பார்ப்பவரிடம் போய் "ஆயுதம் வேண்டாம்" என்றால், "என் சம்பளத்தை நீ தருவாயா?" என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு மிக நேர்மையாகப் பதில் தேடியவர்கள் பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தொழிலாளர்கள். அதன் உற்பத்தியில் பெரும் பங்கு ராணுவத்துக்கானது. ஆட்குறைப்பு மிரட்டல் வந்தபோது, வெவ்வேறு ஆலைகளின் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். இதே இயந்திரங்களையும் இதே கைத்திறனையும் வைத்து வேறு என்ன செய்யலாம் என்று முதலில் நிபுணர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். பதில் போட்டவர்கள் மிகச் சிலர். சரி என்று தங்கள் ஆட்களிடமே கேள்வித்தாள் அனுப்பினார்கள். யோசனைகள் வந்து குவிந்தன. 1976இல் வெளியான திட்டத்தில் ஏறத்தாழ 150 பொருள்கள்: சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம், வெப்ப பம்ப், பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் வாகனம், சாலையிலும் தண்டவாளத்திலும் போகக்கூடிய பஸ்.

நிர்வாகம் திட்டத்தை நிராகரித்தது. முன்னின்றவர்களில் ஒருவரான மைக் கூலி பிறகு வேலையிழந்தார். தோல்வி என்று எழுதி மூடிவிடலாம்தான். ஆனால், "வேலையா, சமாதானமா?" என்று எதிரெதிராக நிறுத்தும் வாதத்துக்கு ஆலைத் தரையிலிருந்தே பதில் எழுத முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பட்டியலில் உள்ள பலவற்றை உலகமே அவசரமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

பெரிய பேரணிகளை நான் குறைத்துப் பேசவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று நூற்றுக்கணக்கான நகரங்களில் பல லட்சம் பேர் இராக் போருக்கு எதிராக நடந்தார்கள். ஐந்து வாரத்துக்குள் குண்டு விழத் தொடங்கியது. நடந்தவர்களில் பெரும்பாலோர் மனமுடைந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களைச் சேர்த்துக் கட்டிவைக்க எதுவும் இருக்கவில்லை. அதே ஆண்டு லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லிக் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில், வெயிலிலும் மழையிலும், மன்ரோவியாவின் மீன் சந்தையருகே உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் அந்த வழியாகத்தான் போகும். பேச்சுவார்த்தை கானாவின் அக்ரா நகருக்குப் போனபோது அவர்களும் அங்கே போனார்கள். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, பிரதிநிதிகள் ஓட்டலில் நாளை ஓட்டினார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவீயும் தோழியரும் அறை வாசலில் கை கோத்து உட்கார்ந்து, உடன்பாடு வரும்வரை யாரும் வெளியே போக முடியாது என்று மத்தியஸ்தருக்குச் சீட்டு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு வேறு பல அழுத்தங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்தவர்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

கட்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1984இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை ராணுவம் பிடித்துப்போனதை எதிர்த்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டார்கள். 1990இல் தென்னிலங்கையிலும் ஓர் அன்னையர் முன்னணி எழுந்தது. அதற்குத் தோள் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சி எம்.பி.க்களான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். 1994இல் அவர்கள் கட்சி ஆட்சியைப் பிடித்தது, முன்னணி மங்கியது. மகிந்த ராஜபக்ச பிறகு எந்தப் போரை நடத்தினார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தாய்மாரின் கண்ணீர் ஓட்டாக மாறுகிற வரைக்கும்தான் கட்சிகள் அதற்குக் குடை பிடிக்கும்.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ராணுவ ஒதுக்கீடு இருக்கும் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு மின்கட்டண ரசீதையும் எடுத்துவர வேண்டும், பிள்ளைகளோடு வரும் பெண்களின் பஸ் கட்டணத்தைக் குழுவே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். உலக சமாதானம் பேசும் இடத்தில் மின் ரசீதுக்கு என்ன வேலை என்று இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். ரசீதுகள் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.