"ஆகில்" என்ற ஒரு சொல்லும் ஒரு சனிக்கிழமையும்

அண்ணன் மகள் படிவம் நான்கு. மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியமும் எடுக்கப்போகிறேன் என்று போன மாதம் சொன்னாள். வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்குப் பழம்பாட்டு எதற்கு? ஒரு ஏ குறைந்தால் யார் பதில் சொல்வது?" என்று அண்ணி. அண்ணியின் பயம் எனக்குப் புரிகிறது. புரியாதது, படித்த ஒருவர் (யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம்) அவளிடம் சொன்னதுதான்: "காப்பியமெல்லாம் கதை தெரிந்தால் போதும்மா. செய்யுளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்."

சிலப்பதிகாரக் கதை யாருக்குத்தான் தெரியாது? சிலம்பு திருடியவன் என்று கோவலனைத் தவறாகக் கொன்றார்கள், கண்ணகி வழக்காடினாள், மதுரை எரிந்தது. முப்பது காதைகளும் மூன்று வரியில் முடிந்துவிட்டன.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறதோ இல்லையோ, நாம் படித்துப் பார்ப்போம் என்று அவளையும் தோழர்கள் நால்வரையும் சனிக்கிழமை மாலைகளில் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டில் உட்கார வைத்தேன். எடுத்தது கொலைக்களக் காதை. அரண்மனைப் பொற்கொல்லன் வந்து பொய் சொல்லும்போது பாண்டியன் அரியணையில் இல்லை. ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில், போகிற வழியில், ஊர்க்காவலரைக் கூப்பிட்டுச் சொல்கிறான்:

"தாழ்பூங் கோதை தன்கால் சிலம்பு
கன்றிய கள்வன் கையது ஆகில்
கொன்றுஅச் சிலம்பு கொணர்க ஈங்கு"

இந்த மூன்று அடியைத் தாண்ட எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பையன் "ஆகில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். "ராஜா கண்டிஷன் போட்டிருக்கிறாரே அங்கிள். அவர் மனைவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால்தானே கொல்லச் சொன்னார்? அது அவங்க சிலம்புதானா என்று யார் செக் பண்ணினது?" யாருமே இல்லை. அப்படிப் பார்க்கச் சொல்லி எவருக்கும் உத்தரவு இல்லை. முழுக்கதையும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

காவலர்கள் தயங்குகிறார்கள். ஆளைப் பார்த்துவிட்டு, இவன் "கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். உடனே பொற்கொல்லன், கள்வர்கள் துணைகொள்வது மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டை அடுக்கி ஒரு வகுப்பே எடுக்கிறான். "போனில் போலீஸ் மாதிரி பேசுகிற ஸ்கேமர் இப்படித்தான் சித்தப்பா, நிறைய விஷயம் தெரிந்தவன் மாதிரி பேசுவான்" என்றாள் அண்ணன் மகள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, சத்தியமாக. கடைசியில் வாளை வீசியது யோசித்த காவலர் எவரும் இல்லை, ஒரு "கல்லாக் களிமகன்". குடிகாரன்.

அப்புறம் நானே அன்றைக்குத்தான் கவனித்த ஒன்று. அந்தக் கட்டளைக்குச் சற்று முன்னால், பாண்டியனைப் பற்றி இளங்கோ "தேரான் ஆகி" என்கிறார். ஆராயாதவனாகி. இது பதினாறாம் காதை. இருபதாம் காதையில் கண்ணகி வாயிலைக் கடந்து வந்து சொல்வது, "தேரா மன்னா செப்புவது உடையேன்". தமிழ்ப்பள்ளி மேடைகளில் எத்தனை தடவை கைதட்டியிருப்பேன் இந்த வரிக்கு! நான்கு காதைகளுக்கு முன்பு கவிஞர் சொன்ன அதே குற்றத்தை அவள் அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்பது கதைச்சுருக்கத்தில் எங்கே வரும்?

உபயோகம் கேட்பவர்களுக்கும் ஒன்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். விவரக்குறிப்பில் ஒரு "எனில்" விட்டுப்போனால் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வரும். அதற்காகச் சிலப்பதிகாரம் படி என்று சொன்னால் அது அதற்கு அவமரியாதை, அது வேறு விஷயம்.

இது நமக்குத் தூரத்து ஊர்க் கதை என்பவர்களும் உண்டு. கோவலன் பிறந்த காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் "காழகத்து ஆக்கமும்" இருந்தது என்கிறது பட்டினப்பாலை. காழகம் என்றால் கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரம், நம் கெடா. 1786 வரை இந்தப் பினாங்கும் கெடா சுல்தானின் நிலம்தானே.

கண்ணகியை வெறும் கற்புச் சிலையாக்கி மாலை போடும் மேடைப் பேச்சில் எனக்கு விருப்பமில்லை. அவள் செய்தது எல்லாம் சரி என்று பிள்ளைகளிடம் சொல்லவும் மாட்டேன். போன வாரம் மதுரை எரியும் இடத்துக்கு வந்தோம். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்று நெருப்புக்குக் கட்டளையிடுகிறாள். மூலையில் இருந்த பெண், அதுவரை வாயே திறக்காதவள், கேட்டாள்: "அங்கிள், அந்த லிஸ்டில் வராத சாதாரண ஆள்? கடைத்தெருவில் பூ விற்கிறவர்? அவர் தீயவரா?"

உரைநூல் கையிலேயே இருந்தது. பதில்தான் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை மறுபடியும் அந்த அடிகளைத்தான் எடுக்கிறோம். அண்ணி இன்னும் பாடப் பதிவுத் தாளில் கையெழுத்துப் போடவில்லை.