அந்தப் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக்குள் இருக்கும் வீட்டில், தனியாக வாழும் பெரியம்மாவை ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதிவைத்துவிட்டு, வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்ட விவகாரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்துக்கு ஆதரவாகக் குவிந்த கருத்துகளைப் படித்த பிறகு பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. காலை ஆறு மணிக்குக் குளிக்க மாட்டேன் என்று சொன்னது மட்டுமே அவர் செய்த குற்றம். அது சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம். கட்டுத்தரையில் எருமையை விட்டுவிட்டு அவர் எப்படிக் குளிக்கப் போவார்? வேறு எந்த நேரம் தோதுப்படும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த விவகாரமே எழுந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கையேடு நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவித்திறன், நினைவாற்றல், மனநிலை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் திட்டத்தை அந்தப் பெரியவரின் விருப்பத்தைக் கேட்டு, அவரோடு சேர்ந்தே வகுக்க வேண்டும் என்கிறது. இங்கேயோ மகனைத் தொலைபேசியில் அழைத்துப் படிவத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். அதில் சர்க்கரை அளவு இருக்கிறது. அவர் எத்தனை மணிக்கு எழுவார், எந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது இல்லை.

என் அமுச்சி, அம்மாவின் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து கோபிக்குத் திரும்பியபோது, முதலில் வந்த பிசியோதெரபிஸ்ட் கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னார். அமுச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்து வந்த இளம்பெண் கட்டிலோரம் உட்கார்ந்து, “நடக்க முடிஞ்சா முதல்ல என்ன செய்வீங்க, அமுச்சி?” என்று கேட்டார். “வாசல் தெளிக்கோணுங் கண்ணு” என்றார் அமுச்சி. அன்றிலிருந்து பயிற்சி, திண்ணைத் தூணைப் பிடித்து வாசற்படியில் ஏறி இறங்குவதாக மாறியது. வாளிக்குப் பதில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் சொல்லாமலே அமுச்சி அதைத் தினமும் செய்தார்.

ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். உண்மைதான், பேருந்தை விட்டிறங்கி வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் நடந்து சாளை சாளையாகப் போகும் பணிப்பெண் மீது எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர் அலுவலகத்தில் இருக்கிறார், அவரைத்தான் கேட்கிறேன்.

2024-இல் பல்லடம் அருகிலும் 2025-இல் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளைச் சொல்லி, தனியாக இருப்பவர்களையெல்லாம் கோவையில் உள்ள முதியோர் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு; இரவில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறுகிறது. விளக்கும் கேமராவும் வையுங்கள். காலையும் மாலையும் அழைத்துப் பேச ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவரை வேரோடு பெயர்த்துக்கொண்டு போவதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

அரசும் வாசல்வரை வந்துவிட்டது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள்களும் வருகின்றன. மாத்திரைக்கு ஒருவர், அரிசிக்கு ஒருவர், குளிப்பாட்ட ஒருவர் என்று தனித்தனியாக வரும் இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரின் அன்றாடத்தோடு பொருத்திப் பார்க்கத்தான் ஆளில்லை. பகுதிக்கு ஒருவரையாவது அந்த வேலைக்கென்றே அமர்த்த வேண்டும்.

“பணம் கட்டும் மகனைத்தானே கேட்க முடியும்?” என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது அதுதான். பால் ஊற்றிய காசில் அந்த மகனைப் படிக்கவைத்தவர் அவர். தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகையை உரிமையாகவே கோரலாம் என்று 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, பணம் கட்டியதாலேயே தாயின் பொழுதை முடிவுசெய்யும் அதிகாரம் மகனுக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பெரியம்மாவை எனக்குத் தெரியும். காது நன்றாகக் கேட்கும், பேச்சும் தெளிவு. நிறுவனத்தார் அவர் எண்ணுக்கே நேராக அழைக்கலாம்.