வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால் யார்?

ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் வீடியோ கேம் ஆர்வலர்கள் கூடிய சந்திப்பில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் அதை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. "போக்கிமானையும் ஜப்பான் சரித்திரத்தையும் கலந்தால் வெளிநாட்டில் யார் சார் விளையாடுவார்கள்?" என்று மூத்த நண்பர் ஒருவர் கேட்டதும், கூடியிருந்தவர்கள் சிரித்ததும், இப்படி இருவேறு உலகங்களைக் கலக்கும் கேம்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தம்பி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டதும் அன்றிலிருந்து என்னை உறுத்துகின்றன.

அந்தக் கேள்விக்கு 2012ஆம் ஆண்டே பதில் கிடைத்துவிட்டது. 1983இல் தொடங்கிய 'நொபுனகாஸ் ஆம்பிஷன்' என்ற போர்த்தந்திர வரிசையோடு போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைச் சேர்த்த அந்த கேம், மார்ச்சில் ஜப்பானில் வெளியாகி, ஜூனில் 'போக்கிமான் காங்குவெஸ்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கும், ஜூலையில் ஐரோப்பாவுக்கும் போனது. விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நொபுனகா யாரென்று தெரியாதவருக்கும் அதில் எதுவும் தடைபடாது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரே ஒரு தாக்குதல்தான். அது எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்த்து நகர்த்த வேண்டும், எதிரி ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் அடி விழாது. தன் தளபதி ஹிதேயோஷியை நொபுனகா குரங்கு என்று அழைத்ததாக ஒரு வழக்கு உண்டு என்பதால், அவருக்குக் குரங்கு வடிவ நெருப்புப் போக்கிமானைக் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானியர் அதைக் கண்டு புன்னகைப்பார். நானோ நீர்ப் போக்கிமானை எங்கே நிறுத்தலாம் என்று கணக்குப் போடுவேன். இருவருக்கும் ஆட்டம் குறையின்றிக் கிடைக்கிறது.

பெரம்பூரில் இருக்கும் என் சித்தி மகன் பள்ளியில் படித்த காலத்தில், பர்மா பஜாரில் வாங்கிய, நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸில் இதை விளையாடினான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஆட்டத்தின் 17 நாடுகளையும் வட்டம் வட்டமாக வரைந்து, பிடித்த நாட்டையெல்லாம் பென்சிலால் கருப்பாக்கிக்கொண்டே வந்தவன், ஒருநாள் "அண்ணா, இந்த நொபுனகா நிஜமாகவே இருந்தாரா?" என்று கேட்டான். 1582இல் தன் தளபதியின் துரோகத்தால் ஹொன்னோ-ஜி கோயிலில் அவர் இறந்ததைத் தேடிப் படித்துவிட்டு, அதை எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினான். ஆட்டம்தான் அவனைச் சரித்திரத்திற்கு அழைத்துப் போனது. சரித்திரம் தெரிந்தால்தான் ஆட முடியும் என்பவர்கள் அவனைப் போன்ற ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

"ஒரு கேமை வைத்துப் பேசாதீர்கள்" என்பீர்கள். குறைந்த செலவில், ஜப்பானுக்கு மட்டும் என்று திட்டமிடப்பட்டு 1999இல் வந்ததுதான், பல நிண்டெண்டோ கேம்களின் பாத்திரங்களை மோதவிடும் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்'. அதன் வழிவந்த 'அல்டிமேட்' உலகெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நிண்டெண்டோவின் மரியோவும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் குறும்புக்கார முயல்களான ராபிட்ஸும் ஒரே கேமில் சேரப்போகிறார்கள் என்ற செய்தி 2017இல் முன்கூட்டியே கசிந்தபோது உலகமே கேலி செய்தது. வெளியான பிறகு கேலி அடங்கியது. 2022இல் வந்த அதன் இரண்டாம் பாகம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்று யூபிசாஃப்டே சொன்னதை நினைவூட்டத் துடிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கூட்டணி அதேதான், விசித்திரமும் அதேதான். முதல் பாகத்தை ஏற்றுக்கொண்ட மக்களுக்கு இரண்டாம் பாகத்தில் திடீரென்று விசித்திரம் உறுத்தியிருக்குமா? நாம்கோ, காப்காம் என்ற இரு நிறுவனங்களின் பாத்திரங்களைச் சேர்த்து 2005இல் வந்த 'நாம்கோ கிராஸ் காப்காம்' ஜப்பானைத் தாண்டவே இல்லை என்பதும் உண்மைதான். தாண்டாத ஒன்றை வெளிநாட்டார் நிராகரித்தார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. ஜப்பானில் ஒரு கேம் செய்பவருக்கு, சென்னையில் இருக்கும் நானும் வெளிநாட்டு ஆட்டக்காரன்தான். ஆனால் இந்த விவாதத்தில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் அமெரிக்கர், ஐரோப்பியர் என்றே பொருள். 2017இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் வந்தபோது இந்தியாவில் அது முறைப்படி விற்பனைக்கே வரவில்லை. ரிச்சி தெருவிலோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியிலோ வந்ததைத்தான் நாம் விளையாடினோம். நாம் வாங்கிய பிரதிகள் நம் கணக்கில் ஏறவில்லை, நம் ரசனையை யாரும் கேட்கவும் இல்லை. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த, தமிழ்ச் சமையலை வைத்த கேமான 'வெண்பா'வில் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். இட்லியை வாழ்நாளில் பார்த்திராதவர்கள் அதை அவிழ்த்தார்கள், 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. நம் சமையலறையை அவர்கள் புரிந்துகொள்வார்கள், ஜப்பானியப் போர்க்களத்தை நாம் புரிந்துகொள்ள மாட்டோம் என்பது என்ன நியாயம்?

மொழிமாற்றச் செலவு, உரிமத் தொகை, கணக்கு வழக்கு என்று அந்த நண்பர் மறுபடியும் சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை, நிறுவனங்கள் தர்மத்துக்கு நடப்பதில்லை. ஆனால் இரண்டு ஜப்பானிய கேம் வரிசைகளைக் கலந்த 'டோக்கியோ மிராஜ் செஷன்ஸ்' 2016இல் மேற்கே போனபோது குரலையும் பாட்டையும் ஜப்பானிய மொழியிலேயே விட்டு, ஆங்கிலத் துணையெழுத்து மட்டும் போட்டார்கள். விற்பனையில் தடுமாறிய வீ யூ கன்சோலில் வந்தும், 2020இல் ஸ்விட்ச்சில் அது மறுபடி வெளியானது. துணையெழுத்து படித்தே பழகிய ஊர் நம்முடையது. எங்களுக்கு அதுவே போதும் என்று கேட்கவாவது விடாமல், எடுபடாது என்ற தீர்ப்பை அந்த நிறுவனங்களுக்கு முன்னால் நம் ஆட்களே எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.