காதுக் கருவிக்காரனுக்கு இவ்வளவு ஆசை ஆகாதுதான்

காதுக் கருவியில் வைஃபையையும் கேட்க ஆசை என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசிய காணொளியை எனக்கே அனுப்பிவைத்த அனைவருக்கும் நன்றி. "முதலில் மனுஷன் பேசுவது கேட்கட்டும், அப்புறம் வைஃபையைக் கேட்கலாம்" என்று அந்த அண்ணன் சொன்னதும் அரங்கமே சிரித்ததே, அதுவும் எனக்குக் கேட்டது. கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

நான் பேசியது என்ன? 2014இல் லண்டனில், செவித்திறன் குறைந்துவந்த அறிவியல் எழுத்தாளர் ஃபிராங்க் ஸ்வெய்னும் ஒலிக் கலைஞர் டேனியல் ஜோன்ஸும் செய்த 'ஃபேண்டம் டெரெய்ன்ஸ்' சோதனை பற்றி. ஐபோன், சுற்றிலும் உள்ள வைஃபை அலைகளைப் பிடித்து, ஒலியாக்கி, ஸ்வெய்னின் காதுக் கருவிகளுக்கு அனுப்பும். தொலைவில் உள்ள ரூட்டர் டிக் டிக்கென்று சொடுக்கும்; நெருங்கினால் அதன் பெயரே மெட்டாக மாறித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். காது நன்றாக இருப்பவருக்குக் கேட்காத ஒன்று, கேட்காதவருக்குக் கேட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மணிக்கட்டில் இதயத்துடிப்பை எண்ணிக்கொண்டு திரிகிறவர் நவீன மனிதர். நான் கூடுதலாக ஒன்றைக் கேட்க ஆசைப்பட்டால் கோமாளி. காதுக் கருவிக்காரன் இழந்ததை மட்டும்தான் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது, அப்படித்தானே?

சிறுவயதில் என் சட்டைப்பையில் இருந்த பெட்டிக் கருவியில் எம் (மைக்), டி (தொலைபேசி), ஓ (அணைப்பு) என்று ஒரு சுவிட்ச் உண்டு. 'டி'யில் வைத்தால் பேச்சு நின்றுவிடும். காந்தப்புலம் மட்டும் கேட்கும். தொலைபேசிக்காக வைத்தது அது. எங்கள் வீட்டில் ஏது தொலைபேசி? டியூப்லைட் சோக்கின் ரீங்காரத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கேட்டுக்கொண்டிருப்பேன். வகுப்பில் வேறு யாருக்கும் கேட்காதது எனக்குக் கேட்டது. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய கர்வம் என்று உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

"திரையில் வைஃபை கோடுகள் தெரிகின்றனவே, கேட்பானேன்?" என்கிறார் ஒருவர். ஐயா, கடிகாரம் மணி காட்டுகிறது, பிறகு கோயிலில் மணி எதற்கு? "கதிர்வீச்சு" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: ரூட்டர் ஏற்கெனவே உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. "ஏழைகளுக்குச் சாதாரணக் கருவியே கிடைக்கவில்லை" என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் என்னைச் சிரித்து அடக்குவதற்கு முன்பு எந்த ஏழைக்குக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள்?

சரி, வைஃபையை விடுங்கள். மனுஷன் பேசுவதைத்தானே கேட்கச் சொன்னீர்கள்? அதற்கும் இதே டி சுவிட்ச்தான் வழி. அரங்கைச் சுற்றி ஒரு லூப் வயர் போட்டு மைக்குடன் இணைத்தால், பேச்சு காந்தப்புலமாக மாறி, 'டி' வழியாக நேராக என் காதுக்குள் வந்து இறங்கும். லண்டனின் கறுப்பு டாக்ஸிகளில்கூட அது இருக்கிறது. உங்கள் அரங்கில் குளிர்சாதனம் இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. அந்த எதிரொலியில் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் ஊகித்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது, 'அனைவரும் வருக' என்று. லூப் போட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் அண்ணா, வருகிறேன்.