கடைக்காரர் ஏமாத்தல அண்ணே

பிசியில 4 ஜிபி ரேம் (மெமரி) போட்டும் 3.25 ஜிபி தான் காட்டுது, கடையில ஏமாத்திட்டாங்கன்னு சொல்ற அண்ணே, கொஞ்சம் பொறுங்க. எங்க வீட்டு பழைய பிசியிலயும் இதே கதைதான், கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுல வாங்குன ரேம் ஸ்டிக்க ரெண்டு தடவ கழட்டி, அந்த தங்கக் கலர் பல்லை அழிரப்பரால தேய்ச்சு மாட்டியும் நம்பர் அசையவே இல்ல. காரணம் 32 பிட் விண்டோஸ், அதால மொத்தமே 4 ஜிபிக்குதான் முகவரி, அதாவது மெமரியில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், போட முடியும், அதுலயும் மேல்பக்கத்த கிராபிக்ஸ் கார்டு மாதிரி சாமானுங்களுக்கு ஒதுக்கிடும், அந்த அளவு ரேம் சும்மா கிடக்கும். 64 பிட் விண்டோஸ் போட்டு, பயோஸ்ல (பிசி ஆன் ஆகும்போது திறக்குற செட்டிங்ல) மெமரி ரீமேப், அதாவது சும்மா கிடக்குற ரேமுக்கு 4 ஜிபிக்கு மேல முகவரி குடுக்குறத, ஆன் பண்ணதும் எங்களுக்கு சரியாயிடுச்சு. 64 பிட்லயும் கொஞ்சம் குறைஞ்சா மதர்போர்டுலயே இருக்குற கிராபிக்ஸ் எடுத்துக்குதான்னு பாருங்க. பாதியே காணோம்னா மட்டும் ஸ்டிக்கையோ, அத மாட்டுற ஸ்லாட்டையோ சந்தேகப்படுங்க.