1990 அம்பியூலன்சுக்குக் காசா?

"1990க்கு அடித்தால் கிலோமீற்றருக்குக் காசு கேட்பார்கள், தோட்டத்துக்கு வரவும் மாட்டார்கள்" என்று ஒரு குரல்பதிவு இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. காசு கதை பொய். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் சுவசெரிய அவசர அம்பியூலன்ஸ் முழுக்க இலவசம். இந்திய நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிந்தது. அழைப்புக்கும் காசில்லை, பயணத்துக்கும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுக்கும் அப்படித்தான்.

தோட்டத்துக்கு வராது என்பதும் தவறு. ஆனால் அந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. லயத்து வாசல்வரை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்வரை, பாதை இல்லாத இடத்தில் வண்டி எப்படி ஏறும்? மழை நாளில் நோயாளியைக் கம்பளியில் கட்டி, ரோட்டுவரை தோளில் தூக்கி வந்தவர்கள் நம்மிடையே உண்டு. குறை பாதையில்தான், அம்பியூலன்சில் இல்லை.

அதனால் போன் எடுத்ததும் தோட்டப் பெயரோடு டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்) சொல்லுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவமோ கோயிலோ, வண்டி நிற்கக்கூடிய இடத்தையும் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு அங்கே நிறுத்துங்கள். ஒன்று, இது அவசரத்துக்கு மட்டும். மாதாந்த கிளினிக்குக்குக் கூப்பிட வேண்டாம். நெஞ்சுவலி என்றால் ஆட்டோவுக்குக் கடன் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், 1990 அடியுங்கள்.